வளராத பற்றீரியா உயிரோடு இருக்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாரி ஓய்ந்து, வெள்ளம் புகுந்த கிணறுகளை இறைத்துக் குளோரீன் போடுகிற காலம் வந்தால் திருகோணமலையில் தண்ணீர் ரிப்போட்டும் கையுமாக ஆட்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம், நிலாவெளி, எங்கிருந்து வந்தாலும் கேள்வி சுற்றிச்சுற்றி ஒன்றுதான். உயர்தரம் உயிரியல் படிக்கிற பிள்ளைகளும் வேறொரு வழியால் அதே கேள்விக்கு வந்து சேருகிறார்கள். நான் நுண்ணங்கியியல் படிப்பிக்கிறவள். தனித்தனியாகச் சொன்ன பதில்களை ஒரே இடத்தில் போட்டு வைத்தால் எல்லோருக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் ரிப்போட்டில் ஈ.கோலை 0 என்று போட்டிருக்கிறது. ஒரு கிருமிகூட உயிரோடு இல்லை என்றுதானே அர்த்தம்?

அப்படி இல்லை. ஆனால் அதற்காகப் பயப்படவும் வேண்டாம். ஈ.கோலை குடலில் வாழும் ஒரு பற்றீரியா. அந்தப் பூச்சியம் எப்படி வந்தது என்று முதலில் பாருங்கள். உங்கள் போத்தலிலிருந்து 100 மில்லிலீற்றர் எடுத்து, 0.45 மைக்ரோமீற்றர் துளையுள்ள ஒரு மெல்லிய வடியினூடாக இழுக்கிறார்கள். பற்றீரியா வடியில் தங்கிவிடும். அந்த வடியைக் கிண்ணத்திலுள்ள வளர்ப்பூடகத்தின் (கிருமி வளர்வதற்கான சத்துணவு) மேல் வைத்து 44 பாகைச் சூட்டில் ஓர் இரவு விடுகிறார்கள். குடலில் வாழ்பவை தவிர மற்றவை எழும்பாமல் இருக்க, அந்த ஊடகத்தில் பித்த உப்போ சவர்க்காரத் தன்மையுள்ள வேறு பொருளோ கலந்திருக்கும். காலையில் எழும்பியிருக்கிற பொட்டுகளை எண்ணுவார்கள். அதைத்தான் கொலனி என்கிறோம். ஒரு பொட்டு கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால் ஒரு கலம் இருபது தடவையாவது இரண்டிரண்டாகப் பிரிந்து பத்து லட்சம் அளவுக்குப் பெருகியிருக்க வேண்டும்.

ஆக, அந்த ஊடகத்தில், அந்தச் சூட்டில், அந்த இரவில் அவ்வளவு தூரம் பெருகிய ஈ.கோலை ஒன்றும் இல்லை என்பதுதான் ரிப்போட் சொல்லும் செய்தி. தண்ணீரில் அது இல்லாமலே இருந்திருக்கலாம், பெரும்பாலும் அப்படித்தான். குளோரீனில் செத்திருக்கலாம். உயிரோடு இருந்தும் அந்தக் கிண்ணத்தில் பிரிய முடியாமல் கிடந்திருக்கவும் கூடும். மூன்றுக்கும் கிண்ணம் காட்டுவது ஒரே வெறுமையைத்தான்.

உயிர் இருந்தால் சாப்பாடு கண்ட இடத்தில் பெருகத்தானே வேண்டும், மிஸ்?

தம்பலகாமத்தில் வயல் செய்கிற யாரையாவது கேட்டுப் பாருங்கள். சில இன நெல்லை வெட்டின கையோடு ஈரத்தில் போட்டால் முளைக்காது. சில கிழமைகள் கழித்து அதே நெல் முளைக்கும். இடைப்பட்ட நாட்களில் அதைச் செத்த நெல் என்று யாரும் எறிவதில்லை. பற்றீரியாவிலும் இதற்கு ஒப்பான ஒரு நிலை இருக்கிறது, ஆனால் அதைக் கண்டுகொள்ள நீண்ட காலம் எடுத்தது.

1880களில் ரொபேட் கொக் திண்ம ஊடகத்தில் பற்றீரியாவை வளர்த்துக் காட்டினார். அவருடைய ஆய்வுகூடத்தில் வேலை செய்த வோல்ற்றர் ஹெஸ்ஸவின் மனைவி ஃபனி ஹெஸ்ஸ, ஊடகத்தை இறுக்க, சமையலறையில் தனக்குப் பழக்கமான ஏகார் என்ற கடற்பாசிக் கூழைப் பயன்படுத்தச் சொன்னார். 1887இல் பெத்திரியின் கிண்ணம் வந்தது. அதற்குப் பிறகு ஒரு நூற்றாண்டு கொலனி வந்தால் உயிர், வராவிட்டால் சாவு என்றே வேலை நடந்தது.

1982இல் அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் ரீட்டா கொல்வெல்லின் குழு, ஈ.கோலையையும் கொலராக் கிருமியான விப்ரியோ கொலரேயையும் உப்புநீரில் விட்டுப் பார்த்தது. நாட்கள் போகப் போகக் கிண்ணத்தில் கொலனிகள் குறைந்து இல்லாமலே போயின. ஆனால் நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கலங்கள் உடையாமல் இருந்தன, சத்துக் கொடுத்தபோது அதை ஏற்றுக்கொண்டதற்கான அடையாளமும் தெரிந்தது. உயிர் உண்டு, வளர்க்க முடியாது என்ற இந்த நிலையை ஆங்கிலச் சுருக்கத்தில் வி.பி.என்.சி. என்கிறார்கள். நானும் அதையே எழுதுகிறேன்.

வளராதவை எல்லாமே வி.பி.என்.சி. தானா?

இல்லை. இதில்தான் பிள்ளைகள் அதிகம் குழம்புகிறார்கள். காயப்பட்ட கலங்கள் ஒரு வகை: குளோரீனோ வெயிலோ கலத்தைச் சுற்றியுள்ள மென்சவ்வைச் சிதைத்திருக்கும். பித்த உப்புள்ள ஊடகத்தில் 44 பாகையில் அவை எழும்பாது, ஆனால் சாதாரண ஊடகத்தில் மெல்ல எழும்பிவிடும். அதனால்தான் சில முறைகளில் முதல் நான்கு மணித்தியாலம் 30 பாகையில் வைத்துக் காயம் ஆறவிட்டு, அதன் பிறகு 14 மணித்தியாலம் 44க்கு ஏற்றுகிறார்கள். வித்திகள் இன்னொரு வகை. பசிலசு போன்றவை தடித்த ஓட்டுக்குள் உடலை அடக்கிக்கொண்டு கிடக்கும், வசதி வந்ததும் முளைக்கும், ஆக அவை வளர்பவைதான். நுண்ணுயிர்கொல்லி கொடுக்கும்போது மட்டும் அசையாமல் கிடந்து தப்பி, மருந்து போனதும் வழமைபோல் பெருகுகிற சிறுபான்மையும் உண்டு. 1944இல் ஜோசப் பிகர் பெனிசிலினில் கண்டது இதைத்தான்.

இவற்றிலிருந்து விலகி நிற்கிறது மற்றொரு பெருங்கூட்டம். அவற்றை யாரும் எப்போதும் வளர்த்ததே இல்லை. அவற்றுக்கு ஒரு நோவும் இல்லை, தம் இடத்தில் நன்றாகப் பெருகிக்கொண்டுதான் இருக்கின்றன. அவை கேட்பதை நாம் கிண்ணத்தில் வைக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு காலத்தில் அதே ஊடகத்தில் வளர்ந்து, இப்போது வளராமல் போனதைத்தான் வி.பி.என்.சி. என்று சொல்ல வேண்டும்.

வளர்பவைக்கும் வளராதவைக்கும் அவ்வளவு வித்தியாசமா?

உள்துறைமுகத்தின் ஓரத்திலோ கொட்டியாரக் குடாவிலோ ஒரு போத்தல் கடல்நீர் அள்ளுங்கள். அதில் ஒரு மில்லிலீற்றரை ஊடகத்தில் பரப்பினால் சில நூறு கொலனிகள் வரலாம், ஆயிரத்தைத் தாண்டினால் அதிகம். அதே நீரை அக்ரிடீன் ஒறேஞ் என்ற சாயம் கலந்து கறுப்பு வடியில் வடித்து, ஒளிர்வு நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்துப் பாருங்கள். இருட்டான வட்டத்துக்குள் பச்சையும் செம்மஞ்சளுமாகப் புள்ளிகள், சில தனியாக, சில இரட்டையாகப் பிரிகிற நிலையில், இடையிடையே வளைந்த கோல்கள், மண் துணிக்கை ஒன்றைச் சுற்றி அடர்த்தியாக ஒரு கூட்டம். எண்ணி, பெருக்கிப் பார்த்தால் மில்லிலீற்றருக்குப் பல லட்சம் வரும். கடற்கரை மேல்மட்ட நீரில் இது வழமையான அளவு. நூற்றில் ஒன்றுகூட நம் கிண்ணத்துக்கு வருவதில்லை. 1985இல் ஸ்ரேலியும் கொனொப்காவும் இந்த இடைவெளிக்கு ஒரு பெயரே வைத்துவிட்டார்கள்.

முதல் தடவை அந்த வட்டத்தைப் பார்க்கிற பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது எனக்கு இந்தத் தொழிலில் மிகப் பிடித்த விடயம். ஆனால் அந்தப் புள்ளிகளும் எல்லாம் உயிரோடு இருக்கின்றன என்று நினைத்துவிடக் கூடாது. அந்தச் சாயம் டீ.என்.ஏ. இருக்கிற எதிலும் ஒட்டும், பிணத்திலும் ஒட்டும்.

அப்போது உயிர் இருக்கிறதா என்று எதை வைத்து முடிவெடுப்பது?

உயிரைக் காட்டும் கருவி ஒன்றும் இல்லை. உயிருள்ளது செய்யக்கூடிய வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதை இந்தக் கலம் செய்கிறதா என்றுதான் பார்க்க முடியும்.

மிகச் சுலபமானது, மென்சவ்வு முழுதாக இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு சாயம் போடுவார்கள். பச்சைச் சாயம் எல்லாக் கலத்துக்குள்ளும் போகும், புரொபிடியம் அயடைட்டு என்ற சிவப்புச் சாயம் கிழிந்த மென்சவ்வினூடாக மட்டும் போகும். பச்சை உயிர், சிவப்பு சாவு என்று பெட்டியோடு வரும் துண்டுத்தாள் சொல்லும். நான் இதை அவ்வளவு நம்புவதில்லை. புறஊதாக் கதிரில் டீ.என்.ஏ. சிதைந்து இனி ஒருபோதும் பிரிய முடியாத கலமும் சில நாட்கள் பச்சையாகவே தெரியும். மறுபக்கம், வேகமாக வளர்ந்துகொண்டிருக்கிற நல்ல கலங்கள் சில சிவப்பை உள்ளே விட்டதும் பதிவாகியிருக்கிறது. சுவர் நிற்கிறது என்பதை வைத்து வீட்டில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

அடுத்தது மூச்சு. சீ.ரீ.சீ. என்ற பொருள் கலத்தின் சுவாசச் சங்கிலியிலிருந்து இலத்திரன் வாங்கினால் சிவப்பாக ஒளிரும் மணியாகக் கலத்துக்குள்ளேயே படியும். சுவாசிக்கிற கலத்தில் மட்டும் மணி வரும். நல்ல முறைதான், ஆனால் சில இனங்களுக்கு அந்தப் பொருளே நஞ்சு, மிக மெல்ல மூச்சு விடுகிறவற்றில் மணி தெரிகிற அளவுக்குச் சேராது. மின்மினியின் நொதியத்தைக் கொண்டு, கலத்தின் சக்திப் பொருளான ஏ.ரீ.பி.யை அளப்பதும் உண்டு, அது மொத்த நீருக்கு ஒரு தொகையைத் தரும், எந்தக் கலம் என்று சொல்லாது.

எனக்குப் பிடித்தது 1979இல் ஜப்பானில் கொகுரே குழுவினர் கொண்டுவந்த வழி. நீர் மாதிரிக்குக் கொஞ்சம் ஈஸ்ற் சாறும், நலிடிக்சிக் அமிலம் என்ற மருந்தும் சேர்த்துச் சில மணித்தியாலம் விடுகிறீர்கள். அந்த மருந்து டீ.என்.ஏ.யை இரட்டிக்க விடாமல் தடுக்கும், அதனால் கலம் பிரிய முடியாது. ஆனால் உயிருள்ள கலம் சாப்பாட்டை எடுத்து உடலை வளர்த்துக்கொண்டே போகும். பிறகு சாயம் போட்டுப் பார்த்தால் செத்தவை பழைய குட்டைக் கோல்களாகவே கிடக்க, அவற்றுக்கிடையில் மூன்று நான்கு மடங்கு நீண்ட நூல்கள் தெரியும், சில நடுவில் சற்றே தடித்திருக்கும். சாப்பிட்டு உடலைக் கட்டியிருக்கிறது, கண்ணால் பார்க்கிறோம், இதற்கு மேல் என்ன வேண்டும். குறை என்னவென்றால், அந்த மருந்துக்கு மசியாத இனங்கள் பிரிந்துவிடும், அந்தச் சாப்பாடு பிடிக்காதவை உயிரோடிருந்தும் குட்டையாகவே நிற்கும்.

இப்போது பாரநீரைக் கொடுத்து, அதிலுள்ள டியூத்தீரியம் என்ற பாரமான ஐதரசன் கலத்தின் கொழுப்புக்குள்ளும் புரதத்துக்குள்ளும் சேருகிறதா என்று ஒவ்வொரு கலமாக ராமன் ஒளியில் பார்க்கிறார்கள். எந்தச் சாப்பாடு பிடிக்கும் என்று ஊகிக்கத் தேவையில்லை, தண்ணீர் எல்லாவற்றுக்கும் வேண்டும். விலை கூடிய கருவி, எங்கள் பக்கம் இப்போதைக்கு எட்டாது.

என்னைக் கேட்டால், ஒரே அடையாளத்தை வைத்து உயிர் என்று எழுதக் கூடாது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இரண்டு அடையாளங்களாவது வேண்டும், மென்சவ்வும் சுவாசமும் என்றோ, நீட்சியும் புதிய ஆர்.என்.ஏ.யும் என்றோ.

திரும்ப வளர வைத்துக் காட்டினால் பிரச்சினை முடிந்ததுதானே?

கேட்க அப்படித்தான் இருக்கும். ஆனால் இந்தத் துறையில் பெரிய சண்டை நடந்ததே இந்த இடத்தில்தான்.

ஒரு குடுவையில் பத்து லட்சம் கலங்கள், கிண்ணத்தில் ஒரு கொலனியும் வரவில்லை. சாப்பாடு போட்டு வைக்கிறீர்கள், மறுநாள் பத்து லட்சமும் வளர்கின்றன. எழுப்பிவிட்டோம் என்று மகிழ்கிறீர்கள். ஆனால் எங்கள் சோதனையில் அகப்படாமல் வளரக்கூடிய ஒரே ஒரு கலம் அந்தக் குடுவையில் இருந்திருந்தால்? இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டித்தால் இருபது தடவைக்கு 6 மணித்தியாலம் 40 நிமிடம். அதற்குள் அந்த ஒன்றே 10,48,576 ஆகிவிடும். மற்ற எல்லாம் செத்தே கிடந்திருக்கலாம், உங்கள் கண்ணுக்கு எல்லாம் எழும்பினதாகத் தெரியும். 1990களின் கடைசியில் பொகோசியன் என்ற ஆய்வாளரின் குழு இதைத்தான் அழுத்திச் சொன்னது. அதே காலத்தில், 1998இல், டக்ளஸ் கெல்லும் கூட்டாளிகளும், வளர்த்துக் காட்ட முடிந்ததையே உயிருள்ளது என்று சொல்வோம், மற்றதற்கு வேறு பெயர் வைப்போம் என்று எழுதினார்கள். கடுமையான நிலைப்பாடு, ஆனால் அந்தக் கடுமை துறைக்கு நல்லதையே செய்தது.

இதற்குப் பதிலாக மூன்று தடுப்புகள் வந்தன. குடுவையிலிருப்பதை, வளரக்கூடிய கலம் ஒன்றுகூட மிஞ்சாது என்று கணக்குச் சொல்கிற அளவுக்கு ஐதாக்கி, அதன் பிறகு எழுப்பிப் பார்ப்பது. சாப்பாடே போடாமல் வேறொன்றை மட்டும் மாற்றுவது: விப்ரியோ வல்னிபிக்கசு என்ற கடல் கிருமி 5 பாகைக் குளிரில் வளராமல் போகும், சூட்டை மட்டும் அறை அளவுக்கு ஏற்றினால் திரும்பும், ஜேம்ஸ் ஒலிவரின் ஆய்வுகளில் இது திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. மூன்றாவது நேரக்கணக்கு, பெருகி வரத் தேவையான நேரத்துக்கு முன்பே எண்ணிக்கை ஏறிவிட்டதா என்பது. மூன்றில் ஒன்றாவது இல்லாத எழுப்பல் கதையை நான் ஏற்றுக்கொள்வதில்லை, நீங்களும் ஏற்க வேண்டாம்.

ஊடகமே கொல்கிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், இது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சில காயப்பட்ட கலங்களில் ஐதரசன் பேரொட்சைட்டைச் சிதைக்கும் நொதியம் குறைந்திருக்கும். சத்து நிறைந்த ஊடகத்தில் அந்தப் பேரொட்சைட்டு கொஞ்சம் இருந்தாலே போதும், நாம் உயிர் கொடுக்க வைத்த இடத்திலேயே அவை செத்துவிடும். அந்தப் பேரொட்சைட்டை அழிக்கிற சோடியம் பைருவேற்றோ கற்றலேசோ சேர்த்தால் அதே மாதிரியில் கொலனி கூடுவது இதனால்தான். 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள்: ஏகாரையும் பொசுபேற்றையும் ஒரே போத்தலில் போட்டு அமுக்கச் சூட்டில் கிருமிநீக்கினால் பேரொட்சைட்டு உண்டாகிறது. இரண்டையும் தனித்தனியாகக் கிருமிநீக்கி, ஆறியபின் கலந்தால் பல மடங்கு கொலனி வருகிறது. ஒரு நூற்றாண்டாக எத்தனை கிண்ணங்களில் எத்தனை உயிர்களை இல்லை என்று எழுதியிருப்போம் என்று நினைத்தால் எனக்கு மனம் கனக்கிறது.

பி.சி.ஆரில் மரபணு வந்தால் உயிர் உண்டு என்று எடுக்கலாமா?

கூடாது. பி.சி.ஆர். என்பது டீ.என்.ஏ.யைப் பெருக்கிக் காட்டுகிற சோதனை. செத்த கலத்தின் டீ.என்.ஏ. நீரில் நாள்கணக்கில், சில வேளை கிழமைக்கணக்கில் தங்கும். காசநோய் இதற்கு நல்ல உதாரணம். ஜீன் எக்ஸ்பேட் போன்ற சோதனை நோயைக் கண்டுபிடிக்க அருமையானது, ஆனால் மருந்து எடுத்துக் குணமானவரின் சளியிலும் செத்த கிருமியின் மரபணு வந்து காட்டும், ஆகையால் சிகிச்சை எப்படிப் போகிறது என்று பார்க்க அதைப் பயன்படுத்துவதில்லை. உடைந்த கலத்தின் டீ.என்.ஏ.யை முதலே பூட்டி வைக்கிற பி.எம்.ஏ. என்ற சாயத்தைச் சேர்த்துப் பி.சி.ஆர். செய்யும் வழி 2006இல் வந்தது, ஆனால் அதுவும் மென்சவ்வைத்தான் நம்புகிறது. ஆர்.என்.ஏ.யில் செய்தி எடுத்துச் செல்லும் வகை நிமிடங்களில் அழிந்துவிடும், அது கிடைத்தால் நம்பிக்கை கூடும்.

மீனை ஐசில் வைத்தால் கிருமி செத்துவிடும்தானே?

சாகாது, பெருகுவது நிற்கும். இதில் எங்கள் கரைக்கென்று ஒரு விடயம் இருக்கிறது. குளிரால் வி.பி.என்.சி. ஆவதைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் குளிர்கால அமெரிக்கக் கடலை வைத்து வந்தவை. திருகோணமலைக் கடல் வருடம் முழுக்க வெதுவெதுப்பானது, இங்கே கடலில் அந்தக் குளிர் வராது. இங்கே குளிர் இருப்பது வாடியில் ரெஜிபோம் பெட்டிக்குள்தான். கடலில் கிருமியை அடக்குவது வெயிலும் பட்டினியும் உப்பின் ஏற்ற இறக்கமும். மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுகிற பக்கத்தில் மாரியில் நீர் நன்னீராகி, கோடையில் திரும்ப உப்பாகும். கழிவுநீரோடு வந்த ஈ.கோலை அந்த உப்பிலும் வெயிலிலும் வெகு சீக்கிரம் கிண்ணத்தில் வளராமல் போய்விடும். அதனால் கடற்கரை நீர்ச்சோதனை சுத்தம் என்று வந்தால் நான் உடனே நம்புவதில்லை. குடலில் வாழும் இன்னொரு கிருமியான என்டரோகொக்கசையும் சேர்த்துப் பார்க்கச் சொல்வேன், அது உப்பில் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும்.

ஐஸ் மீனை வாங்கியவர் செய்ய வேண்டியது சுலபம். ஐஸ் உருகும்படி வெளியில் விட்டு வைக்காமல் உள்வரை வேகச் சமையுங்கள். சிப்பி, மட்டி வகைகளைப் பச்சையாகச் சாப்பிடவே வேண்டாம், ஈரல் நோய் உள்ளவர்களுக்கு விப்ரியோ வல்னிபிக்கசு உயிரையே எடுக்கக்கூடியது.

கிண்ணத்தில் வளராத கிருமி நோய் தருமா?

சிலது தரும் என்பதற்குச் சான்று உண்டு. 1996இல் வந்த ஓர் ஆய்வில், வளராத நிலைக்குப் போன கொலராக் கிருமியை மனதார முன்வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். குடலுக்குள் அது திரும்ப வளரும் நிலைக்கு வந்தது. வங்காளதேசக் குளங்களில் தொற்று இல்லாத மாதங்களில் கிருமியை வளர்க்க முடியாது, ஆனால் பிறபொருளெதிரியில் ஒளிரும் சாயம் கட்டிப் பார்த்தால் அது மிதவை உயிர்களில் ஒட்டிக்கொண்டு இருக்கிறது. அதை வைத்துத்தான் கொல்வெல்லும் கூட்டாளிகளும் பழைய சேலையைப் பல மடிப்பாக மடித்துத் தண்ணீரை வடிக்கச் சொன்னார்கள், மட்லப் பகுதிக் கிராமங்களில் கொலரா 48 வீதம் குறைந்தது, 2003இல் வெளியிட்டார்கள். வளர்க்க முடியாத ஒன்றைப் பற்றிய சண்டை, கடைசியில் ஒரு தாயின் கையில் சேலையாக வந்து சேர்ந்ததை நான் வகுப்பில் சொல்லாமல் விடுவதில்லை.

ஆனால் எல்லாக் கிருமிக்கும் இது பொருந்தாது. வளராத நிலையில் நஞ்சு சுரப்பதும் தொற்றுவதும் இனத்துக்கு இனம் மாறும், பலவற்றில் குறைந்துதான் போகிறது.

அப்படியென்றால் எங்கள் கிணறு? குளோரீன் போட்டும் குடிக்கக் கூடாதா?

குடிக்கலாம். ஈ.கோலையைத் தேடுவது கழிவு கலந்திருக்கிறதா என்பதற்கு அடையாளமாகத்தான், அந்த வேலையை அது நன்றாகச் செய்கிறது. உங்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு வேண்டுமென்றால் நம்ப வேண்டியது மிச்சக் குளோரீனை: போட்டு அரை மணித்தியாலம் கழித்து லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும், நீர் கலங்கலாக இருக்கக் கூடாது. கலங்கலில் மண் குளோரீனைத் தின்றுவிடும், கிருமி அரைகுறையாகக் காயப்பட்டுத் தப்பும். எழும்பாமல் கிடக்கிற கிருமிகள் உருவாக மிகத் தோதான இடம் இந்த அரைகுறைக் குளோரீன்தான். கலங்கல் தெளியும் வரை இறையுங்கள், பிறகு போடுங்கள். குழந்தைக்கும் வயதானவருக்கும் கொதித்தாறிய நீர்தான். வி.பி.என்.சி. நிலை வித்தி அல்ல, குமிழ் விட்டுக் கொதிக்கிற நீருக்கு அது நிற்காது.

ஆஸ்பத்திரியில் இரத்தத்தை வளர்த்துப் பார்த்து ஒன்றும் இல்லை என்றார்கள். மருந்தை நிறுத்தலாமா?

வைத்தியரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். இரத்தம் எடுக்க முன் ஒரு வேளை மருந்து உள்ளே போயிருந்தாலே வளராமல் போகலாம். எலிக்காய்ச்சல் கிருமிக்குத் தனி ஊடகம் வேண்டும், வளரக் கிழமைகளோ மாதங்களோ எடுக்கும், அதற்குள் நோயாளி ஒன்றில் தேறியிருப்பார் அல்லது பிந்திவிடும். அதனால் வைத்தியர்கள் வளர்ப்புக்குக் காத்திருப்பதில்லை. கிழக்கு மாகாணத்திலும் காணப்படுகிற மெலியோய்டோசிஸ் என்ற தொற்றுநோயின் கிருமியை ஒரு தடவை வளர்த்துப் பார்த்து இல்லை என்று விட முடியாது, சந்தேகம் இருந்தால் திரும்பத் திரும்ப எடுக்க வேண்டும். (அந்தக் கிருமி தாய்லாந்தில் வெறும் காய்ச்சி வடித்த நீரில் 16 வருடம் கிடந்து, அதன் பிறகும் கிண்ணத்தில் வளர்ந்திருக்கிறது. பட்டினியெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.)

தொழுநோய்க் கிருமி இன்னும் கடினம். 1873இல் ஹன்சன் கண்டுபிடித்தார், இன்றுவரை எந்த ஊடகத்திலும் அதை யாரும் வளர்க்கவில்லை. 1960இல் ஷெப்பேட் எலியின் பாதத்தில் வளர்த்தார், ஒரு தடவை இரட்டிக்க ஏறத்தாழ இரண்டு கிழமை. சிகிச்சை முடிந்தவரின் தோலில் செத்த கிருமிகள் வருடக்கணக்கில் தங்கி, சாயத்தில் தெரிந்துகொண்டே இருக்கும். முழுதாக ஒரே சீராகச் சாயம் ஏறிய கோல் உயிருள்ளது, துண்டுதுண்டாகத் தெரிவது செத்தது என்று கண்ணால் பார்த்தே பழைய நாட்களிலிருந்து கணித்தார்கள். மட்டக்களப்பு மாந்தீவில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த மனிதர்களை நினைக்கும்போது, உயிருள்ள கிருமி யாரிடம், செத்தது யாரிடம் என்று பிரித்துச் சொல்ல ஒரு நல்ல வழி முன்பே இருந்திருந்தால் என்று தோன்றும்.

ஒருபோதும் வளர்க்காதவற்றை வளர்க்க முடியுமா?

முடிகிறது, பொறுமை இருந்தால். கடலில் மிக அதிகமாக உள்ள எஸ்.ஏ.ஆர். 11 என்ற கூட்டம் 1990இல் மரபணுவாக மட்டும் தெரிய வந்தது. 2002இல் வெறும் கடல்நீரை ஊடகமாக்கி, ஐதாக்கி, மாதக்கணக்கில் காத்திருந்து வளர்த்தார்கள். மண்ணிலுள்ளவற்றை மண்ணுக்குள்ளேயே சிறு அறைகளில் பூட்டி வைத்து வளர்த்த முறையில் 2015இல் ரெய்க்சோபக்ரின் என்ற புதிய மருந்துப் பொருளே கிடைத்தது. சில வேளை தேவைப்படுவது ஒரு செய்தி மட்டும்: மைக்ரோகொக்கசு இலூற்றியசு சுரக்கிற ஒரு புரதம், உறங்குகிற அதே இனக் கலங்களை எழுப்புகிறது என்று 1998இல் காட்டினார்கள். அதை ஒத்த புரதங்கள் காசநோய்க் கிருமியிலும் இருக்கின்றன.

பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் ஒளிர்வு நுணுக்குக்காட்டி இல்லை. எங்களால் ஏதாவது செய்ய முடியுமா?

முடியும், நன்றாகவே முடியும். குளத்து நீரோ தோட்டத்து மண் கரைத்த நீரோ போதும், கழிவுநீரையோ நோயாளியின் எதையுமோ தொடக் கூடாது. ஒரே நீரை நான்கு விதமான கிண்ணத்தில் பரப்புங்கள்: வழமையான சத்து ஏகார், அதையே பத்தில் ஒன்றாக ஐதாக்கியது, ஐதாக்கியதில் பைருவேற்று சேர்த்தது, அந்தக் குளத்து நீரிலேயே காய்ச்சின வெறும் ஏகார். அறைச் சூட்டில் வையுங்கள், கிண்ணத்தின் விளிம்பை ஒட்டி, ஈரம் போகாமல் பைக்குள் போட்டு ஒரு மாதம் விடுங்கள், திறக்கவே வேண்டாம். இரண்டாம் நாளே வழமையான கிண்ணத்தில் பெரிய பளபளப்பான கொலனிகள் வந்து எல்லாம் முடிந்தது மாதிரி இருக்கும். ஐதான கிண்ணத்தை மூன்றாம் கிழமை வெளிச்சத்துக்கு நேரே சரித்துப் பாருங்கள், ஊசிமுனை அளவில் மங்கலான புள்ளிகள் பெரியவற்றுக்கு இடையில் நிறைந்திருக்கும். இரண்டாம் நாள் எறிந்திருந்தால் அவை எல்லாம் வளராதவை என்ற கணக்கில்தான் போயிருக்கும். தேதி போட்டு வரைந்து வையுங்கள், முடிந்ததும் ஆசிரியர் கிருமிநீக்கிய பிறகே எறியுங்கள்.

மாதிரி அனுப்பும்போது கவனிக்க வேண்டியது என்ன?

பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) தரும் கிருமிநீக்கிய போத்தலையே பயன்படுத்துங்கள். அடியில் கொஞ்சம் தயோசல்பேற்று இருக்கும், கழுவி ஊற்றிவிடாதீர்கள், அது குளோரீனை நிறுத்துவதற்கு. இல்லையென்றால் வழி முழுக்கக் குளோரீன் கொன்றுகொண்டே வரும், ரிப்போட் சொல்வது உங்கள் கிணற்றின் கதையாக இருக்காது. போத்தலை நிரம்ப எடுக்காமல் குலுக்க இடம் விடுங்கள். ஐஸ் பெட்டியில் வையுங்கள், ஐசுத் தண்ணீர் மூடிக்குள் போகாமல். ஆறு மணித்தியாலத்துக்குள் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர வேண்டும், வெருகல், ஈச்சிலம்பற்றைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் காலையில் முதல் வேலையாக எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். எடுத்த நேரம், கடைசியாகக் குளோரீன் போட்ட நாள், வீட்டில் யாராவது மருந்து ஊற்றினார்களா, நீர் கலங்கலா என்பதைப் போத்தலிலேயே எழுதிவிடுங்கள். பூச்சியம் வந்தால் அதை எப்படி வாசிப்பது என்று அங்கே இருக்கிறவருக்குத் தெரிவது அந்த நான்கு வரியை வைத்துத்தான்.